ஒரே காற்றுக்கு இரண்டு எண்கள்: 0.24, 1005

அமெரிக்க ஏசி ஹேண்ட்புக் ஒன்றைத் திறந்தால் காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஓர் அலகு எடையை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், சுருக்கமாகத் தன்வெப்பம்) 0.24 என்று போட்டிருக்கும். ஐரோப்பிய கேட்லாக்கில் அதே காற்றுக்கு 1005. கிலோ கலோரியில் கணக்குப் போட்ட காலத்துப் பாடநூலை எடுத்தால் மறுபடியும் 0.24. அமெரிக்கப் புத்தகத்தின் 0.24க்குப் பக்கத்தில் பவுண்டு, ஃபாரன்ஹீட், பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு). பழைய பாடநூலின் 0.24க்குப் பக்கத்தில் கிலோ, செல்சியஸ், கிலோ கலோரி. எடையின் அலகு வேறு, டிகிரி வேறு, வெப்பத்தின் அலகும் வேறு. ஆனால் எண் மட்டும் அச்சு அசலாக ஒன்று.

குளிர்சாதனத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "சார், ரெண்டுல ஒண்ணு அச்சுப் பிழையா இருக்கணும்" என்று ஒரு தம்பி என்னிடம் அடித்துச் சொன்னார். "பிழை இல்லப்பா, ரெண்டுமே சரி" என்றேன். ஏன் சரி என்று உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அது இருநூற்று ஐம்பது வருடக் கதையாக நீள்கிறது. அந்தக் கதை தெரிந்துவிட்டால் அலகு மாற்ற அட்டவணை பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் நம்பிக்கை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய வெப்ப அலகுகள் எல்லாம் தண்ணீரை வைத்துப் பிறந்தவை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு செல்சியஸ் டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கத் தேவையானது ஒரு பிடியு. இரண்டு வரையறையிலும் எடை மாறுகிறது, டிகிரி மாறுகிறது, தண்ணீர் மாறவில்லை. ஆகவே தண்ணீரின் தன்வெப்பம் இரண்டிலுமே 1. மற்ற பொருள்கள் எல்லாம் இந்த எடைக்கல்லோடு தராசில் ஏறுகின்றன. அதே எடைத் தண்ணீருக்கு ஆகும் வெப்பத்தில் 0.24 பங்கு இருந்தால் காற்றுக்குப் போதும். செம்புக்கு 0.092 பங்கு, அலுமினியத்துக்கு 0.215, ஈயத்துக்கு 0.031, பனிக்கட்டிக்கு ஏறத்தாழ பாதி. இவை பங்குகள். பங்குக்குப் பவுண்டும் கிடையாது, கிராமும் கிடையாது. நீங்கள் எந்த டிகிரியில் அளந்தாலும் பாதி பாதிதான்.

கணக்காகவே பார்க்க வேண்டுமென்றால் பிரிட்டனில் ஒரு காலத்தில் புழங்கிய சிஹெச்யு என்ற அலகு உதவும். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு செல்சியஸ் டிகிரி சூடாக்கும் வெப்பம் அது. ஒரு செல்சியஸ் இடைவெளி 1.8 ஃபாரன்ஹீட் இடைவெளிக்குச் சமம் என்பதால், ஒரு சிஹெச்யு என்பது 1.8 பிடியு. இப்போது தன்வெப்பத்தை எழுதிப் பாருங்கள். மேலே வெப்பம் 1.8 மடங்கு ஆகிறது, கீழே டிகிரியும் 1.8 மடங்கு ஆகிறது. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. எடை மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி மாறுவதால் அதுவும் அடிபடுகிறது. மிச்சம் நிற்பது அந்தப் பங்கு மட்டும்.

ஜூல் இந்தக் குடும்பத்தில் சேராது. ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் தள்ளினால் ஒரு ஜூல். அந்த வரையறையில் தண்ணீருக்கு வேலையே இல்லை. தண்ணீரை எடைக்கல் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, அதையும் மற்றப் பொருள்களைப் போலத் தராசுத் தட்டில் வைத்துவிட்டார்கள். அப்படி வைத்ததும் தண்ணீருக்குக் கிடைத்த எண் 4186.8. எனவே பழைய எண்ணை 4186.8ஆல் பெருக்கினால் ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு எத்தனை ஜூல் என்பது வந்துவிடும். காற்றுக்கு 0.24ஐப் பெருக்கினால் 1005. செம்புக்கு 385. அலுமினியத்துக்கு 900. இதற்கு மேல் தன்வெப்பத்துக்கு வேறு மாற்றுக் காரணி ஒன்றும் தேவையில்லை.

சரி, இந்தப் பங்கு என்ற யோசனை எங்கிருந்து வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கிளாஸ்கோவில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக்கிடம் போக வேண்டும். ஒரே அளவு பாத்திரத்தில் பாதரசமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டால், பாதரசம் பதின்மூன்றரை மடங்கு கனம். கனமான பொருளில் அதிக வெப்பம் அடங்கும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சூடான பாதரசத்தைச் சம கன அளவு குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் கலவை நடுப் புள்ளிக்கு வருவதில்லை. தண்ணீர் பக்கமே சாய்ந்து நிற்கிறது. பாதரசத்தின் தன்வெப்பம் தண்ணீரில் முப்பதில் ஒரு பங்குதான் என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். அதைப் பதின்மூன்றரையால் பெருக்கினாலும் பாதிக்கும் குறைவு. வெப்பம் என்பது ஒன்று, வெப்பநிலை என்பது வேறு என்று பிளாக் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனை பெரிய ஆதாரமாக இருந்தது.

அதற்குப் பிறகு 1783இல் பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் வெளியிட்ட அளவீடுகள். பனிக்கட்டி அடைத்த கலத்துக்குள் சூடான பொருளை வைத்து, அது ஆறும்போது எவ்வளவு பனி உருகுகிறது என்று உருகி வடிந்த தண்ணீரை எடை போட்டார்கள். வெப்பத்தை நேராக அளக்க வழியில்லாத காலத்தில் அதைத் தராசில் நிறுத்திப் பார்த்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இரும்புத் தகட்டுக்கு அவர்களுக்குக் கிடைத்த பங்கு 0.11. இன்றைய ஹேண்ட்புக்கில் 0.107 என்று இருக்கும். அவர்கள் பயன்படுத்திய எடை அலகு இன்று புழக்கத்தில் இல்லை, வெப்பமானியின் அளவுகோலும் நம்முடையது இல்லை. ஆனாலும் அவர்கள் எழுதிய எண்ணை எந்த மாற்றமும் செய்யாமல் நம் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். தண்ணீரை எடைக்கல்லாக வைத்ததால் கிடைத்த பெரிய லாபம் அது.

கலோரி என்ற பெயர் அதற்குப் பிறகு, 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிக்கொலா கிளெமான் பாரிசில் நடத்திய வகுப்புகளில் வருகிறது. அவர் நீராவி எஞ்சின் பற்றிப் பேசியவர். பனிக்கட்டிக் கலமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. கொதிகலனில் எவ்வளவு கரி போட்டால் எவ்வளவு வேலை நடக்கும் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு உண்மையான விடை தந்தவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டருக்குப் பக்கத்து சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். வடிசாலையில் வெப்பநிலை தவறினால் சரக்கு கெட்டுப் போகும். நுணுக்கமாக வெப்பமானி பார்க்கும் பழக்கம் அவருக்கு இளவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எடைகளைக் கீழே இறங்க விட்டு, அந்த விசையால் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். 1850இல் அவர் வெளியிட்ட முடிவு: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க, ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்க வேண்டும். 1878இல் மறுபடி அளந்து அதை 772.55 என்று திருத்தினார். மான்செஸ்டரை ஒட்டிய சேல் என்ற ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலேயும் ஒரு பவுண்டு, கீழேயும் ஒரு பவுண்டு, எடை அடிபட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒரு உயரம். அதாவது கல்லறையில் இருப்பது தண்ணீரின் தன்வெப்பம்தான், அடிக்கணக்கில் எழுதப்பட்ட தன்வெப்பம். நம் அலகுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 772.55 அடி என்பது 235.5 மீட்டர். புவியீர்ப்பு 9.81ஆல் பெருக்கினால் ஒரு கிலோவுக்கு, ஒரு ஃபாரன்ஹீட்டுக்கு 2310 ஜூல். செல்சியஸுக்கு மாற்ற 1.8ஆல் பெருக்கினால் சுமார் 4160. இன்றைய மதிப்பு 4186. துடுப்பும் கயிறும் எடைக்கற்களும் கண்ணாடி வெப்பமானியும் வைத்து அளந்தவர், இன்றைய எண்ணுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான தூரத்தில் வந்து நிற்கிறார்.

1845இலேயே அவர் இன்னொன்றும் எழுதினார். நயாகராவில் தண்ணீர் 160 அடி விழுகிறது. அப்படியானால் அடிவாரத்துத் தண்ணீர் மேலே இருப்பதைவிட ஃபாரன்ஹீட் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய அருவிக்கு இவ்வளவு சின்ன மாற்றமா என்று தோன்றும். மெட்ரிக்கில் சொன்னால் தண்ணீர் ஒரு செல்சியஸ் டிகிரி சூடாக 427 மீட்டர் விழ வேண்டும். தண்ணீரின் தன்வெப்பம் எவ்வளவு பெரியது என்பதை 4186 என்ற எண்ணைவிட இந்த உயரம் நன்றாக உணர்த்துகிறது.

தண்ணீரை எடைக்கல்லாக வைத்ததில் ஒரு சிக்கலும் இருந்தது. அது மெதுவாகத்தான் வெளியே தெரிந்தது. 1879இல் பால்டிமோரில் ஹென்றி ரௌலண்ட், ஜூலின் சோதனையை இன்னும் நுட்பமாகச் செய்தபோது, தண்ணீரின் தன்வெப்பமே வெப்பநிலைக்கு ஏற்ப மாறுவதைக் கண்டார். அதுவும் நேர்கோட்டில் ஏறுவதில்லை. உறைநிலைக்குப் பக்கத்தில் 4218 ஜூல். 15 டிகிரியில் 4186. சுமார் 35 டிகிரியில் மிகக் குறைந்து 4178. அதற்குப் பிறகு ஏறத் தொடங்கி 100 டிகிரியில் மறுபடி 4216. எடைக்கல்லே ஒரு சதவீதம் கூடிக் குறைந்தால் எந்த நிலையில் வைத்து எடை போடுவது?

ஆளுக்கொரு விடை சொன்னார்கள். ஒருவர் 14.5இலிருந்து 15.5 டிகிரிக்குச் சூடாக்குவதைக் கலோரி என்றார். இன்னொருவர் 20 டிகிரியைப் பிடித்துக்கொண்டார். பூஜ்யத்திலிருந்து நூறு வரை சூடாக்கி நூறில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வோம் என்றார் வேறொருவர். பிடியுவுக்கும் இதே கதைதான்: 39 ஃபாரன்ஹீட் பிடியு, 59, 60, சராசரி என்று பல. இவற்றுக்குள் வித்தியாசம் சொற்பம். ஆனால் கொதிகலன் விற்கிறவரும் வாங்குகிறவரும் வெவ்வேறு நீராவி அட்டவணையை வைத்துக்கொண்டு திறன் பற்றி வாதாடினால் அந்தச் சொற்பமும் பணமாகிவிடும்.

1948இல் எடைகள் மற்றும் அளவுகளுக்கான ஒன்பதாவது பொது மாநாடு, வெப்பத்துக்கும் ஜூல்தான் அலகு என்று முடிவு செய்தது. அதோடு கலோரி ஓய்வு பெற்றிருக்க வேண்டும், பெறவில்லை. நீராவிக்காரர்கள் 1956இல் லண்டனில் கூடி, இனிமேல் தண்ணீரைச் சூடாக்கிப் பார்க்க வேண்டாம், ஒரு கலோரி என்றால் 4.1868 ஜூல், அவ்வளவுதான் என்று எழுதிவைத்தார்கள். நாம் எடைகள், அளவுகள் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியதும் அதே 1956இல்தான். வேதியியல்காரர்கள் மட்டும் 4.184 என்ற தங்கள் கலோரியை விடவில்லை. எனவே இன்று அட்டவணைகளில் இரண்டு கலோரிகள் உயிரோடு இருக்கின்றன. எரிபொருள், நீராவி, கொதிகலன் என்றால் பெரும்பாலும் 4.1868. வேதிவினை வெப்பம், உணவு என்றால் பெரும்பாலும் 4.184. இடைவெளி ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஏசி கணக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

4.1868 என்ற எண்ணுக்கு ஓர் அழகு உண்டு. அதை 1.8ஆல் வகுத்தால் 2.326 மிச்சமில்லாமல் வருகிறது. ஒரு பவுண்டுக்கு ஒரு பிடியு என்பது ஒரு கிலோவுக்குத் துல்லியமாக 2326 ஜூல். பின்னத்தின் வால் ஒன்றும் கிடையாது. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்றே எண்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்: 1.8, 2326, 4186.8. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது. ஆக, உண்மையில் இரண்டுதான்.

இங்கே ஒரு குழியும் இருக்கிறது. நன்றாகப் படித்தவர்களும் விழும் இடம். தன்வெப்பத்துக்குப் பிடியுவிலிருந்து கிலோ கலோரிக்கு மாற்றக் காரணி 1. ஆனால் உள்ளுறை வெப்பத்துக்கும் (டிகிரி ஏறாமல் உருகவோ ஆவியாகவோ மட்டும் ஆகும் வெப்பம்), எரிபொருளின் கலோரி மதிப்புக்கும், என்தால்பிக்கும் (ஒரு பொருளின் மொத்த வெப்பக் கணக்கு) காரணி 1.8. ஏன் என்றால் அவற்றின் அலகில் கீழே டிகிரி கிடையாது. அடிபட்டுப் போக எதிரில் ஆள் இல்லை. பனி உருக ஒரு கிலோவுக்கு 80 கிலோ கலோரி. பவுண்டுக்கு 144 பிடியு. தண்ணீர் ஆவியாக 539; அங்கே 970. கிலோவுக்கு 4000 கிலோ கலோரி உள்ள நிலக்கரி, அமெரிக்கக் கணக்கில் பவுண்டுக்கு 7200 பிடியு. "தன்வெப்பத்துக்கு மாத்த வேண்டாம்னு சொன்னீங்களே சார்" என்று உள்ளுறை வெப்பத்தையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அலகில் டிகிரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் இந்தக் குழியில் விழ மாட்டோம்.

டிகிரியைப் பற்றி இன்னொன்று. தன்வெப்பத்தில் வரும் டிகிரி, வெப்பநிலை அல்ல; இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான தூரம். 10 ஃபாரன்ஹீட் வித்தியாசம் என்றால் 5.56 செல்சியஸ் வித்தியாசம். ஆனால் மாற்றிக் கொடுக்கும் செயலியில் 10 என்று தட்டினால் அது 32ஐக் கழித்துவிட்டு மைனஸ் 12.2 என்று சொல்லும். எக்ஸெலில் உள்ள வசதியும் அப்படியே செய்யும். மைனஸ் வந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். 50 ஃபாரன்ஹீட் வித்தியாசத்தை 10 செல்சியஸ் என்று அது மாற்றித் தரும்போதுதான் ஆபத்து. சரியான விடை 27.8. ஆனால் 10 என்பது நம்பும்படியான எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதே காரணத்தால்தான் ஒரு கெல்வினுக்கு என்று எழுதினாலும் ஒரு செல்சியஸுக்கு என்று எழுதினாலும் தன்வெப்பம் மாறுவதில்லை. தூரம் இரண்டிலும் ஒன்றே.

மாற்றிய பிறகு எத்தனை இலக்கம் எழுதுவது என்பதும் முக்கியம். ஈயத்தின் 0.031ஐப் பெருக்கினால் கால்குலேட்டர் 129.7908 என்று காட்டும். அதை அப்படியே எழுதினால் ஏதோ ஆய்வகத்தில் நான்கு தசம இடம் வரை அளந்த மாதிரி இருக்கும். அசலில் இருந்தது இரண்டே இலக்கம். 130 என்று எழுதுவதுதான் நேர்மை.

பழைய அலகில் மட்டும் பளிச்சென்று தெரிகிற ஓர் உண்மையும் இருக்கிறது. 1819இல் துலாங், பெத்தி என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் திட உலோகங்களின் தன்வெப்பத்தை அவற்றின் அணு எடையால் பெருக்கிப் பார்த்தார்கள். இன்றைய எண்களில் பார்த்தால் செம்பு 63.5 பெருக்கல் 0.092, கிட்டத்தட்ட 5.8. இரும்பு 6.0. அலுமினியம் 5.8. ஈயம் 6.4. எல்லாம் ஆறைச் சுற்றியே வருகின்றன. எடைக்கு எடை பார்த்தால் ஏழு மடங்கு வித்தியாசப்படும் அலுமினியமும் ஈயமும், அணுவுக்கு அணு பார்த்தால் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தை ஏற்கின்றன! ஜூலில் எழுதினால் இதே ஆறு 25 ஆகும்; வாயு மாறிலியின் மூன்று மடங்கு என்று பாடநூல் சொல்லும். கலோரியில் வாயு மாறிலியே 1.987, அதாவது இரண்டு. மூன்று இரண்டு ஆறு. பவுண்டு, ஃபாரன்ஹீட் கணக்கிலும் அது ஏறத்தாழ அதே 1.99, காரணம் மேலே சொன்னதுதான். அந்தக் காலத்து வேதியியல்காரர்கள் கலோரியை ஏன் விட மனமில்லாமல் இருந்தார்கள் என்பது எனக்கு இங்கே புரிகிறது.

இனி நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஏசிக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி என்கிறோம். அந்த டன் ஏசியின் எடை அல்ல. 2000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம். 2000ஐ 144ஆல் பெருக்கி 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12,000 பிடியு. கிலோ கலோரியில் அதே கணக்கு: 2000 பவுண்டு என்பது 907 கிலோ, அதை 80ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் 3024. கிலோவாட்டில் 3.517. அமெரிக்காவில் பனிக்கட்டி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தின் மிச்சம் இந்த டன்.

அந்த வியாபாரத்துக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் போர்த்திக் கப்பலில் ஏற்றி, ஃபிரெடெரிக் டூடர் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 180 டன் ஏற்றியதில் நூறு டன் அளவுக்கு வந்து சேர்ந்தது. சில வருடங்களில் சென்னைக்கும் வந்தது. மெரினா கடற்கரைச் சாலையில் அதைச் சேமிக்க அவர்கள் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து நான்கு மாதம் பயணித்தும் பாதிக்கு மேல் பனி உருகாமல் வந்ததற்கு மரத்தூள் ஒரு காரணம் என்றால், கிலோவுக்கு 80 கிலோ கலோரி என்ற அந்தப் பெரிய உள்ளுறை வெப்பம் இன்னொரு காரணம்.

பெரிய கட்டடங்களுக்குத் தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் சில்லர் பிளாண்ட்டில் வேலை செய்கிறவர்கள் தன்வெப்பம் என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. அவர்கள் வாயில் வருவது 500, 24, 1.08 போன்ற எண்கள். ஜிபிஎம்மை (நிமிடத்துக்கு ஓடும் தண்ணீர், கேலனில்) டெல்டா டியால் (தண்ணீர் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்) பெருக்கி 24ஆல் வகுத்தால் டன். 240 ஜிபிஎம், 10 ஃபாரன்ஹீட் வித்தியாசம், ஆக 100 டன். மனக்கணக்கிலேயே போட்டுவிடுவார்கள். அந்த 24 எங்கிருந்து வந்தது? ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.33 பவுண்டு, 60 நிமிடத்தால் பெருக்கினால் 500, தன்வெப்பம் 1 என்பதால் அதை எழுதவே இல்லை. 12,000ஐ 500ஆல் வகுத்தால் 24. மெட்ரிக்கில் வேலை செய்கிறவர் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பதைச் செல்சியஸ் வித்தியாசத்தால் பெருக்கி 3.024ஆல் வகுப்பார். அங்கேயும் தன்வெப்பம் 1, அங்கேயும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. 240 ஜிபிஎம் என்பது 54.5 கன மீட்டர், 5.56ஆல் பெருக்கி 3.024ஆல் வகுத்தால் மறுபடி அதே 100.

ஒளிந்திருப்பதில்தான் பிரச்சினை. பம்ப் கேட்லாக் பிரிட்டிஷ் கேலனில் இருந்தால் 500 போய் 600 ஆகிவிடும். அந்த கேலனை 1824இல் வரையறுத்ததே பத்து பவுண்டு தண்ணீரின் கன அளவு என்றுதான். ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். சில்லர் சரியில்லை என்று கம்பெனிக்காரரிடம் சண்டை போடும் அளவுக்குப் பெரியது. கிளைக்கால் (தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்த தண்ணீர் ஓடும் பிளாண்ட்டில் இன்னும் மோசம். கிளைக்கால் சேர்க்கச் சேர்க்க அடர்த்தி கொஞ்சம் ஏறும், தன்வெப்பம் அதைவிட வேகமாக இறங்கும். இரண்டையும் பெருக்கினால் 500க்குக் கீழே வரும். குளிர் அறைகளுக்கு, பால் பண்ணைகளுக்குப் போகிறவர்கள் அந்த 500ஐத் தூக்கிவைத்துவிட்டு, தயாரிப்பாளர் தரும் அட்டவணையிலிருந்து தன்வெப்பத்தையும் அடர்த்தியையும் தனித்தனியாக எடுத்துப் போட வேண்டும். 1 என்று எழுதாமல் விட்ட இடத்தில் 0.9 என்று எழுதத் தெரிய வேண்டும். எழுதாமல் விட்டது என்ன என்று தெரியாதவருக்கு அது எப்படித் தோன்றும்?

காற்றுப் பக்கத்து 1.08உம் இதே கதை. காற்றின் தன்வெப்பம் 0.24, ஒரு கன அடி காற்றின் எடை 0.075 பவுண்டு, ஒரு மணிக்கு 60 நிமிடம். மூன்றையும் பெருக்கினால் 1.08. சிஎஃப்எம்மை (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) ஃபாரன்ஹீட் வித்தியாசத்தாலும் 1.08ஆலும் பெருக்கினால் மணிக்கு எத்தனை பிடியு என்பது கிடைக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இது செல்லும். ஊட்டியில் செல்லாது. அங்கே கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். தன்வெப்பம் அதே 0.24, ஒரு பவுண்டு காற்றுக்கு உயரம் தெரியாது. ஆனால் ஒரு கன அடியில் அடங்கும் காற்றின் எடை 0.057ஆகக் குறைந்துவிடுகிறது. 1.08 அங்கே 0.82 ஆகிவிடும். ஊட்டியில் ஒரு ஹோட்டல் ஹாலைச் சூடாக்க டிசைன் செய்கிறவர், சென்னைக் கணக்கில் 1000 சிஎஃப்எம் போதும் என்று வந்த இடத்தில் 1310க்கு விசிறி தேர்ந்தெடுக்க வேண்டும்.